பொட்டு வைத்த பாய்லர்

1

தீபாவளிக்கு முதல் நாள் காலை குழாயைத் திறந்தேன். ஒரு செருமல், கொஞ்சம் காற்று, அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. கிள்ளான் பள்ளத்தாக்கில் குடியிருப்பவர்களுக்கு இந்தச் செருமல் நன்றாகப் பழகியது. எங்கோ பெரிய குழாய் உடைந்திருக்கும், அல்லது ஆற்றில் எவனோ எதையோ கொட்டியிருப்பான். கைப்பேசியில் செய்தி வந்துவிடும்: இன்னின்ன இடங்களில் தண்ணீர் இல்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். அன்றைய பட்டியலில் எங்கள் பிரிக்பீல்ட்ஸும் இருந்தது. தீபாவளி முடிந்துதான் தண்ணீர் வருமாம்.

வேறு வருடமாக இருந்தால் நாலு திட்டுத் திட்டிவிட்டு, பிடித்து வைத்த வாளித் தண்ணீரில் குளித்துப் புதுச்சட்டையை மாட்டியிருப்பேன். இந்த வருடம் அப்படி விட மனமில்லை. என் வீட்டுக் கூடத்தில் தனம் அக்கா உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

தனம் என் ஒரே அக்கா. இருப்பது திண்டுக்கல்லில். நான் இந்த மலாய் நாட்டுக்கு வந்து முப்பது வருடங்கள் ஆகப்போகின்றன. அவள் இங்கே வந்தது இதுதான் முதல் தடவை. அத்தான் இறந்த பிறகு நான் கெஞ்சிக் கூத்தாடி வரவழைத்தேன். விமான நிலையத்தில் இறங்கிய உடனே சொல்லிவிட்டாள்.

"இந்தா பாரு தம்பி. மொத வாட்டியும் இதுதான், கடைசி வாட்டியும் இதுதான். மூட்டு ரெண்டும் சொன்ன பேச்சு கேக்கல. தோளு பூட்டிக்கிருச்சு, கையத் தூக்க முடியல. இனிமே என்னைய பிளேன்ல ஏத்தாத."

எனக்கு இந்தத் தீபாவளியில் ஒரே ஆசைதான். அக்கா கையால் என் தலையில் எண்ணெய் வைக்க வேண்டும். பிறகு அவள், எங்கள் எல்லோருக்கும் முன்னால், முதல் ஆளாக, நல்ல வெந்நீரில் குளிக்க வேண்டும். பின்பாதியில் என்ன பெரிய விசேஷம் என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது, சொல்கிறேன்.

தண்ணீர் இல்லை என்றதும் அக்கா அசரவே இல்லை. ஜன்னல் வழியாகக் கீழே எட்டிப் பார்த்தாள். தண்ணீர் லோரி வந்து நின்றிருந்தது. அண்டை அயலார் வாளியும் டப்பாவுமாக வரிசை பிடித்திருந்தார்கள். அக்காவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"அட, நம்ம ஊரு மாதிரியே இருக்கேடா! இத்தன நாளா என்னமோ வெளிநாடுன்ட்டு இருந்தேன்."

திண்டுக்கல்காரியிடம் போய்த் தண்ணீர்ப் பஞ்சம் என்று பயமுறுத்த முடியுமா?

2

நாங்கள் வளர்ந்தது ஒண்டுக் குடித்தனத்தில். ஐந்து குடும்பங்களுக்கு ஒரு அடிபம்பு, ஒரு குளியலறை. வீட்டுக்காரர் புண்ணியத்தில் ஒரு செப்பு பாய்லர். பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: இடுப்பு உயரத்தில் ஒரு செப்பு உருளை. நட்ட நடுவில் மேலிருந்து கீழ்வரை ஒரு குழாய். அந்தக் குழாய்க்குள் கரியும் தேங்காய்ச் சிரட்டையும் போட்டு எரித்தால், சுற்றி நிற்கும் தண்ணீர் சூடாகும். மேலே ஒரு புனல், பக்கத்தில் ஒரு மூக்கு. வெந்நீர் வேண்டுமென்றால் புனலில் ஒரு குடம் பச்சைத் தண்ணீரை ஊற்ற வேண்டும். அது அடியில் போய் உட்காரும். மேலே நிற்கும் வெந்நீர் மூக்கு வழியாக வாளியில் விழும். ஊற்றாவிட்டால் ஒரு சொட்டும் வராது. ஊற்ற ஊற்ற உள்ளே இருப்பது ஆறிக்கொண்டே போகும்.

அம்மாவுக்குப் பஞ்சாலையில் ஷிப்ட் வேலை. பண்டிகை நாளில்கூட அவள் விடிந்த பிறகுதான் வந்து சேர்வாள். அதனால் தீபாவளி அன்று அந்த வீட்டில் பாய்லருக்கு அதிகாரி எங்கள் அக்காதான். முதல் நாள் சாயங்காலமே அதைப் புளி போட்டுத் தேய்த்து, சந்தனம் குங்குமம் இட்டு, கழுத்தில் மஞ்சள் கொத்துக் கட்டி, தண்ணீர் நிரப்பி வைப்பாள். விடியற்காலையில் வரிசை தொடங்கும். ஐந்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் அவளே குடம் குடமாக ஊற்றி வெந்நீர் இறக்குவாள். என் தலையில் எண்ணெய் வைத்துத் தேய்ப்பாள். கண் எரிகிறது என்று கத்தினால் மண்டையில் ஒரு குட்டு விழும். அந்தக் குட்டுக்காகவும் ஏங்கிய நாட்கள் எனக்கு உண்டு.

எல்லோரும் குளித்து முடித்த பிறகு கடைசியாக அவள் போவாள். நான் கதவுக்கு வெளியே நின்று கேட்பேன்.

"சுடுதண்ணி இருக்காக்கா?"

"கொதிக்குதுடா. நீ போயி வேட்டுப் போடு."

ஒவ்வொரு வருடமும் இதே கேள்வி, இதே பதில். ஒரு வருடம், வெடி கொளுத்த ஊதுபத்தி எடுக்கத் திரும்பி வந்தேன். குளியலறைத் தண்ணீர் முற்றத்து வாய்க்காலில் ஓடி வரும். வெறுங்காலோடு அதை மிதித்துவிட்டேன். ஜில்லென்று இருந்தது. பாய்லரைத் தொட்டுப் பார்த்தேன், சாம்பல்கூட ஆறிப்போயிருந்தது. ஐப்பசி மழைக்காலம், சிறுமலைக் காற்று வேறு. உள்ளே அக்கா பல் கிட்டிக்க ஏதோ முணுமுணுத்தபடி ஊற்றிக்கொண்டிருந்தாள். எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். ஊதுபத்தியை எடுத்துக்கொண்டு வேட்டுப் போடப் போய்விட்டேன்.

3

இங்கே வந்த புதிதில் கிள்ளான் துறைமுகத்துப் பக்கம் ஒரு சரக்கு அலுவலகத்தில் எழுத்தர் வேலை. அலுவலகச் சமையல் மூலையில் சிவப்புக் குழாய் வைத்த ஒரு இயந்திரம் இருந்தது. அதன்மேல் ஆங்கில எழுத்தில் இருந்ததை 'ஏர்' என்று படித்தேன். சரி, கை உலர்த்தும் சூடான காற்று போலிருக்கிறது என்று ஈரக்கையை அடியில் நீட்டிப் பொத்தானை அமுக்கினேன். கொதிக்கும் தண்ணீர். மலாயில் அது 'ஆயர்', அதாவது தண்ணீர் என்று பக்கத்து மேசை அக்கா ஒருவர் பற்பசை தடவிக்கொண்டே சொல்லிக் கொடுத்தார். நான் கற்ற முதல் மலாய்ச் சொல் இப்படி உள்ளங்கையில் கொப்புளத்தோடு வந்தது.

பிறகு கல்யாணம். மனைவி செல்வி கிள்ளானில் பிறந்தவள், மருத்துவமனைத் தாதி. பிரிக்பீல்ட்ஸில் இந்த அடுக்குமாடி வீடு, கதிர் என்று ஒரே பையன். நிரந்தரமாகத் தங்கும் அனுமதிக்காக நான் ஏறிய படிகளை எழுதினால் அது தனிப் புராணம். ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு நகல் குறையும், ஒவ்வொரு தடவையும் அடுத்த கவுண்டர். கிடைத்தபோது சந்தோஷப்படும் வயது தாண்டியிருந்தது.

வருடா வருடம் தீபாவளிக் காலையில் அக்கா அழைப்பாள். "எண்ணெ தேச்சுக் குளிச்சியாடா?" குளித்தேன் என்பேன். பொய் இல்லை. செல்வி எண்ணெய் எடுத்து வைப்பாள்; குளியலறையில் மின்சார ஹீட்டர் இருக்கிறது; பொத்தானைத் தொட்டால் வெந்நீர். புனல் வேண்டாம், குடம் வேண்டாம், வரிசை வேண்டாம். ஆனால் கதவுக்கு வெளியே நின்று சூடு போதுமா என்று கேட்க ஆள் இல்லாத குளியல் எனக்குக் குளியலாகவே தோன்றியதில்லை. இதைச் சொன்னால் செல்வி, "வேணும்னா நான் நின்னு கேக்கவா?" என்பாள். கேட்டும் இருக்கிறாள், பாவம். அது அதுவாக இல்லை.

கதிருக்குப் பாய்லர் கதையைப் பல தடவை சொல்லியிருக்கிறேன். அவன் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே "ம்" போடுவான். படித்து முடித்து சைபர்ஜெயாவில் வேலை, பக்கத்து ஊரான டெங்கிலில் வாடகை வீடு. சனி ஞாயிறு வீட்டுக்கு வருவது மாதத்துக்கு ஒன்றாகி, பிறகு அதுவும் குறைந்தது. போன வருடம் ஒரு பழைய வேனை வாங்கி, உள்ளே கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் வைத்து மோட்டார் வீடாக மாற்றிக்கொண்டான். வேன் வீடாக மாற வரைபடம், பரிசோதனை, அனுமதி எல்லாம் வேண்டும். நான் இந்த நாட்டில் குடியிருக்க வாங்கிய அனுமதியைவிட அந்த வண்டிக்குச் சீக்கிரம் கிடைத்தது. அதில் ஏறிக் கடற்கரை கடற்கரையாகச் சுற்றுவான். வீடு இருக்கும்போது வீட்டை இழுத்துக்கொண்டு திரிவானேன் என்று நான் ஒருநாள் கத்தியும் விட்டேன். அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சு கொஞ்சம் சுருக்கம்தான்.

4

தண்ணீர் நின்ற அன்று மதியம் கதிரே அழைத்தான்.

"ப்பா, அங்க தண்ணி இல்லியாமே? டெங்கில்ல இருக்கு. நான் வேன் டேங்க ஃபுல் பண்ணிட்டு வரேன். ஹீட்டர் இருக்கு, அத்தை அதுலயே குளிக்கலாம். ரிலேக்ஸ் லா."

நான் திட்டிய வண்டி சாயங்காலம் எங்கள் மாடி வீட்டுக்குக் கீழே வந்து நின்றது. அக்கா ஒவ்வொரு படியாக உட்கார்ந்து எழுந்து இறங்கி வந்தாள். வண்டிக்குள் ஏறிக் கட்டிலைத் தட்டிப் பார்த்தாள், அடுப்பைத் திறந்து பார்த்தாள். அந்த அலமாரி அளவுக் குளியலறையைப் பார்த்து, "கல்யாணமண்டபத்து மாப்பிள்ளை ரூம்கூட இப்படி இருக்காது" என்றாள். பிறகு விஷயத்துக்கு வந்தாள்.

"பாய்லர் எங்கடா கதிரு?"

கதிர் கட்டிலுக்கு அடியில் ஒரு பலகையைக் கழற்றிக் காட்டினான். ஒரு சின்னப் பெட்டி. பத்து லிட்டர் பிடிக்குமாம். அதற்குள்ளே மூடிய அறையில் கேஸ் எரியும்; சுற்றிலும் தண்ணீர் நிற்கும். எரிவதற்கான காற்று வண்டியின் பக்கச்சுவரில் இருக்கும் சல்லடை வழியாக உள்ளே வரும், புகையும் அதே வழியாக வெளியே போகும். குழாயைத் திறந்தால் பம்பு ஒரு முனகலோடு பச்சைத் தண்ணீரை அடியில் தள்ளும், மேலே இருக்கும் வெந்நீர் குழாய்க்கு வரும். வண்டி நெடுந்தூரம் ஓடினால் எஞ்சின் சூட்டிலேயே சுட வைக்கிற மாதிரியும் சிலர் வைத்துக்கொள்வார்களாம். அவன் தமிழும் ஆங்கிலமுமாகச் சொல்லச் சொல்ல அக்கா தலையை ஆட்டிக்கொண்டே வந்தாள்.

"இது நம்ம பாய்லருதான்டா. படுக்கப் போட்டு வெச்சிருக்கான், அம்புட்டுதான்."

வேன் வாங்கியதிலிருந்து ஒருநாளும் நான் அந்தப் பலகையைக் கழற்றிப் பார்த்ததில்லை.

கதிர் பலகையை மூடிவிட்டு, ஐஸ் வாங்கி வருகிறேன் என்று கடைப்பக்கம் போனான். அந்த நேரத்தில்தான் அக்கா சொன்னாள்:

"நெறச்ச பாய்லருக்குப் பொட்டு வைக்காம விடக்கூடாதுடா. உள்ள இருக்கறதுக்கு எப்படி வைக்கிறது?"

நான் வெளியே சுற்றிப் பார்த்தேன். பெட்டிக்கு நேர் வெளியே, வண்டியின் வெள்ளைச் சுவரில் கையகலச் சல்லடை இருந்தது. பாய்லரின் முகம் மாதிரியே தெரிந்தது. அக்காவுக்குக் கை எட்டாது; அவள் குழைத்துக் கொடுக்க நான் பூசினேன். சந்தனத்தைத் தாராளமாக அப்பினேன். நடுவில் குங்குமம். பிரிக்பீல்ட்ஸ் பூக்கடையில் காலையில் வாங்கிய செவ்வந்திச் சரத்தை நாலாக மடித்து மேலே செருகினேன். மஞ்சள் கொத்தை ஓட்டையில் நுழைத்துவிட்டேன். அக்கா கொஞ்சம் பின்னால் போய் நின்று பார்த்துவிட்டு, "இப்பத்தான் பாய்லரு மாதிரி இருக்கு" என்றாள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. காற்றும் புகையும் போகும் வழி அது என்று சற்று முன்புதான் என் மகன் சொன்னான் என்பது இரண்டு பேருக்கும் நினைவில்லை.

5

விடியற்காலை இருட்டில் கதிர் ஹீட்டரைப் போட்டான். செல்விக்கு அன்று இரவு வேலை. அவள் வர இன்னும் நேரம் இருந்தது. வண்டி அடுப்பில் நல்லெண்ணெயை மிளகு சீரகத்தோடு காய்ச்சி வைத்தேன். அக்கா கட்டிலில் உட்கார, நான் கீழே தரையில் உட்கார்ந்தேன். அவள் கையைத் தூக்க வேண்டாம், தலை அவள் மடி உயரத்துக்குச் சரியாக இருந்தது.

உள்ளங்கை உச்சியில் பட்டது. கை சுருங்கியிருந்தது, வேகம் குறைந்திருந்தது, வெதுவெதுப்பு மட்டும் அப்படியே. எண்ணெய் வழிந்து கண்ணுக்குள் போனது. "எரியுதுக்கா" என்றேன். குட்டு விழுந்தது. நான் வாய்விட்டு அழுதுவிட்டேன். கதிர் என்னை ஒருமாதிரி பார்த்தான். அவனுக்கு என் அழுகை பழக்கமில்லை. பிறகு அவனும் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து தலையைக் குனிந்தான். பத்து வயதுக்குப் பிறகு அவன் யாரிடமும் தலையைக் கொடுத்ததாக எனக்கு நினைவில்லை. அக்காவின் தலைக்கு நான் எண்ணெய் வைத்தேன்.

அப்போது சுவரில் ஹீட்டரின் சிவப்பு விளக்கு எரிந்தது. தண்ணீர் சில்லென்றே இருந்தது. கதிர் கேஸைப் பார்த்தான், பம்பைப் பார்த்தான், ஃபியூஸைப் பார்த்தான். ஹீட்டரை அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டான். மறுபடியும் சிவப்பு. கைவிளக்கை எடுத்துக்கொண்டு வெளியே போனவன் அங்கிருந்து கூப்பிட்டான்.

"ப்பா! ஹூ டிட் திஸ்? யாரு இங்க கோயில் கட்டுனது?"

நானும் அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"புகை போற எடம்ப்பா இது! மூக்கப் பொத்துனா எப்படி எரியும்? நல்லவேளை, அதுவே ஆஃப் ஆயிருச்சு. இல்லாட்டி டேஞ்சர் லா."

"பொட்டுதானப்பா வெச்சோம்" என்றாள் அக்கா, சின்னக் குரலில்.

கதிர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அக்காவின் எண்ணெய் வழியும் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டான். சரத்தை அவிழ்த்தான், மஞ்சள் கொத்தைப் பிடுங்கினான், பழைய பல்துலக்கியால் சல்லடையின் ஒவ்வொரு ஓட்டையையும் சுரண்டினான். எல்லாவற்றையும் எடுத்தவன், கொஞ்சம் யோசித்து, சல்லடைக்குக் கீழே வெறும் தகரத்தில் ஒரு குங்குமப் பொட்டைத் தன் விரலால் வைத்தான். சரத்தை ஓட்டுநர் பக்கக் கண்ணாடியில் மாட்டினான். இந்தத் தடவை விளக்கு பச்சையாக எரிந்தது. கட்டிலுக்கு அடியில் மெல்லிய உறுமல் கேட்டது. ஆனால் நேரம் ஓடியிருந்தது. சூரியன் வருவதற்குள் தலை குளித்தாக வேண்டும். முதல் எல்ஆர்டி ரயில் எப்போதோ போய்விட்டது.

தண்ணீர் சுட்டதும் அக்கா வழக்கம்போல ஆரம்பித்தாள்.

"மொதல்ல கதிரு போகட்டும், அப்புறம் நீ. நான் கடைசியா குளிச்சுக்கிறேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் கதிர் சொன்னான்:

"இல்ல அத்தை. நீங்க கடைசில பச்சைத் தண்ணில குளிச்சது போதும். இது என் வண்டி, நான் சொல்றதுதான் ஆர்டர். நீங்கதான் ஃபர்ஸ்ட்."

கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு "ம்" போட்டதெல்லாம் கேட்டுத்தான் போட்டிருக்கிறான்.

"எவன்டா சொன்னது பச்சத்தண்ணினு?" என்று அக்கா என்னை முறைத்தாள். "நான் என்னைக்கும் சுடுதண்ணிலதான் குளிச்சேன்." முறைத்துக்கொண்டே சீயக்காய்ப் பொட்டலத்தையும் செம்பையும் எடுத்துக்கொண்டாள். அந்தப் பொடி குழாயை அடைத்துவிடுமே என்று நான் கதிரைப் பார்த்தேன். "பரவால்லப்பா, கழுவிக்கலாம்" என்றான்.

அக்கா வாளியில் பிடித்துப் பிடித்து ஊற்றிக்கொண்டாள். பம்பு முனகும், நிற்கும், மறுபடி முனகும். கதவு இடுக்கில் ஆவி வந்தது, சீயக்காய் வாசனையோடு. உள்ளேயிருந்து, "என்னா சூடுடா சாமி!" என்று குரல் வந்தது. அவள் குளித்துக்கொண்டே இருந்தாள். நானும் கதிரும் வண்டிப் படியில் உட்கார்ந்து அந்தப் பம்புச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தோம். எங்களுக்குள் அவ்வளவு இதமான நேரம் வெகுநாளாக இருந்ததில்லை.

6

தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு அக்கா வெளியே வந்தாள். முகம் சிவந்திருந்தது. வயதில் பாதி கழன்று போனவளாகத் தெரிந்தாள்.

"போடா, போ. விடியப் போகுது. ஒனக்கும் சுடுதண்ணி இருக்குல்ல?"

கதிர் என் காதருகே வந்தான். "ப்பா, டேங்க் சுடுதண்ணி முடிஞ்சிருச்சு. மறுபடி சுட அரை மணி நேரம் வேணும்." கிழக்கே கட்டடங்களுக்கு நடுவில் வானம் வெளுக்க ஆரம்பித்திருந்தது. எண்ணெய்த் தலையோடு நான் வெளியே காத்து நின்றால், எல்லா வெந்நீரையும் தானே தீர்த்துவிட்டோம் என்று அக்காவுக்குத் தெரிந்துவிடும். ஒன்றும் சொல்லாதே என்று கதிருக்குக் கண்ணைக் காட்டிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன்.

குழாயைத் திறந்தேன். பம்பு முனகியது. முதலில் கொஞ்சம் வெதுவெதுப்பாக வந்தது. பிறகு டெங்கில் தண்ணீர், அப்படியே. முதல் செம்பை உச்சியில் ஊற்றியதும் மூச்சு நின்றது. எண்ணெய் இறங்க மறுத்தது.

கதவைத் தட்டும் சத்தம் கேட்டது.

"டேய் தம்பி, சுடுதண்ணி இருக்காடா?"

நான் அடுத்த செம்பை மொண்டேன்.

"கொதிக்குதுக்கா. நீ போயி இட்லி சாப்பிடு."

அவள் போகவில்லை. குளித்து முடிக்கும்வரை கதவுக்கு வெளியேதான் நின்றிருந்தாள்.